அப்பாவிடம் இருந்த ஆங்கிலம்

என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கலாமென்று போன வாரம் ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தோம். கட்டணத்தைக் கேட்டதும் என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. “வீட்டிலும் குழந்தையோடு இங்கிலீஷிலேயே பேசுங்கள்” என்று அங்கிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள் பாருங்கள், அப்போதுதான் வயிறு பற்றி எரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நான் சின்னவளாக இருந்தபோது இதையேதான் இன்னொரு அம்மாள் என் அப்பாவிடம் சொன்னாள்.

அப்போது எங்களுக்குக் கன்னடம் பேசுகிற ஊரில், ஜோகுபாளையத்தில் வீடு. அப்பாவுக்குப் பீன்யாவில் தொழிற்சாலை வேலை. பஸ் மாறிப் போய், ஓவர்டைம் பார்த்துத்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைத்தார். ஆனாலும் சாயங்காலம் அவர் வந்தால் வீடு களைகட்டிவிடும். அவருடைய சூப்பர்வைசர் மாதிரி இடுப்பில் கைவைத்து நடந்துகாட்டி, தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து திட்டிக்காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

இரண்டாம் வகுப்பில் தலைமையாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டு, வீட்டில் தாய்மொழியில் பேசினால் பிள்ளை உருப்படாது என்று சொல்லிவிட்டாள். அப்பா சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். தாய்மொழி தமிழ்தானே, கன்னடம் இல்லையே என்று முடிவுகட்டி, அன்றைக்கே “பாரம்மா, ஊட்டா மாடு” என்று கன்னடத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

“இன்னாய்யா கூத்து இது?” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு. படிச்சவங்க சொல்றாங்க.”

நான் அதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவைக்க, அப்பாவை மறுபடி வரவழைத்து, கன்னடமும் கூடாது, இங்கிலீஷ் மட்டும்தான் என்று கண்டித்து அனுப்பினார்கள். பெற்ற மகளிடம் எந்த மொழியில் பேசுவது என்று உத்தரவு போட இவர்கள் யார்? அப்பா அப்படிக் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தார். அதன்பிறகு என்னிடம் “கம்”, “ஈட்”, “குட்” அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்தாள். தெருக்குழாயடியில் அவளுக்கு அப்பா அதே சூப்பர்வைசரை நடித்துக்காட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் கிட்டே போனால் அப்பா வாயை மூடிக்கொள்வார். ஃபீஸ் கட்டிப் படித்த எனக்கு இல்லாத அப்பா அவளுக்கு இனாமாகக் கிடைத்தார். இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

“அப்பாக்கு எம்மேல கோவமாம்மா?”

“கோவம்லாம் இல்லடி. நீ ஒயுங்கா படி. அதுக்குத்தான் அந்தாளு இம்மாம் பாடு படுது.”

ஒழுங்காகப் படித்தால் கோபம் தணிந்து பேசுவார் என்று எடுத்துக்கொண்டேன். வெறிபிடித்த மாதிரி படித்தேன். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய அன்று, கோப்பையோடு வாசலிலேயே காத்திருந்து, நடந்ததையெல்லாம் ஒரு தமிழ் வார்த்தை கலக்காமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் கைவைத்து, “குட்” என்றார்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவரிடம் இருந்ததே அவ்வளவுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.