இது எவ்ளோ மெதுவா போகும்?

சென்னையில் பழைய சொகுசு கார்களை விற்கும் அந்த ஏஜெண்டிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். மனிதர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே மனப்பாடமாக ஒப்பித்து முடித்திருந்தார். "ஜெர்மன் வண்டி மேடம். அஞ்சே செகண்டுல நூறைத் தொடும். டாப் ஸ்பீடு எரநூத்தம்பது."

விஜயலட்சுமி அக்கா அந்தச் சிவப்புக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். இது எவ்ளோ மெதுவா போகும்?"

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அக்காவின் தொழிலே மெதுவாகப் போவதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கள்ளக்குறிச்சியில் பெண் அழைப்பு வண்டி ஓட்டுகிறவர் அக்கா. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் பெண்ணைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவார்களே, அந்த வண்டி. முன்னால் பேண்டு செட்டு, அதற்கு முன்னால் ஆடுகிற பையன்கள், இரண்டு பக்கமும் விளக்கு தூக்கி வருகிறவர்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கொடுத்த காசுக்கு ஊர்வலம் பத்தவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். நான் ஜீவா, பூ அலங்காரம் செய்கிறவன். அக்கா வண்டிக்குப் பூ கட்டுவதும், பக்கத்திலேயே நடந்து வந்து அவிழ்ந்த சரத்தை முடிவதும்தான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. அந்த ஜீப்பின் டயரைவிட என் செருப்புதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

ஆம், முன்பு ஜீப். அக்காவின் வீட்டுக்காரர் ஆதிமூலம் அண்ணன் வாங்கிய மேல்திறந்த ஜீப். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கியதும் அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அண்ணன் கற்றுக்கொடுத்தது இரண்டே கியர். ஊர்வலத்துக்கு முதல் கியர், வீடு திரும்ப இரண்டாவது. லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு மட்டும் மூன்றாவது போட்டதாகச் சொல்வார். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்று முதலில் சிரித்தவர்கள்தான், பொம்பளை ஓட்டுகிற வண்டிதான் வேண்டும் என்று பிறகு தேடி வந்தார்கள். அந்த வருமானத்தில் குடும்பம் தலை நிமிர்ந்தது. அக்கா யாரிடமும் கை நீட்டியதில்லை. அது அவருக்கு உயிர்.

பிறகு சேலத்திலிருந்து குதிரை பூட்டிய சாரட்டு வண்டி வந்து இறங்கியது. ஜீப்பைப் பார்த்து "போட்டோவுல நல்லா இருக்காதுங்களே" என்றார்கள். போன தை மாதம் முழுக்க மூன்றே மூன்று அழைப்பு.

அப்போதுதான் அக்கா போனில் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு. பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வாங்க ஜீப்போடு திருநாவலூரில் தன் பெயரிலிருந்த வீட்டு மனையையும் விற்கப் போகிறேன் என்றதும், அதே ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் பஸ் பிடித்து வந்து குதித்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"நெலம் வருஷா வருஷம் ஏறும். காரு வருஷா வருஷம் எறங்கும். ஏறுறத வித்துட்டு எறங்குறத வாங்கப் போறியா? ஒனக்கு மர கழண்டு போச்சா?"

"புதுசுல அது எழுவது லட்சம்ணா. பன்னெண்டு வருஷத்துல பன்னெண்டு லட்சத்துக்கு வந்துட்டுது. எறங்க வேண்டியதெல்லாம் மொதல்ல வாங்குனவன் தலைல எறங்கிடுச்சு. இனிமே எறங்க அதுல இன்னா இருக்குது?"

"இந்த முகூர்த்த சீசன்ல அது ஓடலன்னா?"

"ஓடலன்னா வித்துட்டு, அவர கூட்டிகினு ஒன் வூட்டுக்கே வந்துடறேன். ஒன் கொல்லையில களை எடுக்கறேன். போதுமா?"

வாயால் சொல்லிவிட்டார். ஆனால் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுச் சோறு என்பது அவருக்கு எப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தக் கேள்வி. ஏஜெண்ட் சாவியையே கொடுத்துவிட்டார். அக்கா உட்கார்ந்தார். இடது கால் கிளட்சைத் தேடியது, அங்கே கிளட்சே இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான், கார் தானாகவே நகர்ந்தது. நான் பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே நடந்தேன். அந்த யார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை என் நடையை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஜீவா," என்றார் அக்கா. "நமக்காவே செஞ்ச வண்டிடா இது!"

எரநூத்தம்பதில் போகச் செய்த வண்டி. கிளம்பும்போது ஏஜெண்ட் ஒன்று சொன்னார். "ரொம்ப நேரம் உருட்டிக்கிட்டே இருக்காதீங்க மேடம். சூடு ஏறுச்சுன்னா ஓப்பன் ரோட்டுல எடுத்து நல்லா மிதிச்சுடுங்க. காத்து பட்டா அடங்கிடும்."

லாரி முதுகில் ஏறிக் கார் வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. "இம்மாங் காசு குடுத்து ரெண்டே பேருதான் குந்த முடியுமா?" என்று எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் கேட்டதற்கு இன்றுவரை யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் அழைப்பு வைகாசியில் வந்தது. பெண் இலக்கியா, மாப்பிள்ளை கவியரசன். மாப்பிள்ளையின் அத்தை ராணியம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். அவர் 'ம்' சொன்னால்தான் பந்தியில் இலை விழும். பெண்ணுக்குத் துணையாக நாத்தனார் பக்கத்தில் உட்கார இடமில்லையே என்று அவர் முறைக்க, "நானே பொம்பளதானேம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சமாளித்தார். இவர் வாயால் நல்ல பேர் வந்தால் சீசன் முழுக்க வண்டி ஓடும். கெட்ட பேர் வந்தால் திருநாவலூர்தான்.

நானும் என் பங்குக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். பெயிண்டில் கீறல் விழாமல் அடியில் துணி கொடுத்து, காரின் முன்பக்கம் முழுக்க மல்லி, சம்பங்கி, ரோஜா என்று மூன்று அடுக்கு. காரின் வாய் இருந்த இடமே தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஊர்வலம் கிளம்பி அரை மணி இருக்கும். பேண்டு செட்டு ஒரே இடத்தில் நின்று மூன்று பாட்டு வாசித்துவிட்டது. பையன்கள் ரோட்டில் படுத்து ஆடுகிறார்கள். காரின் உள்ளே 'டிங்' என்று ஒரு மணி. அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது.

"ஜீவா, முன்னாடி இன்னாடா கட்டியிருக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி மூச்சு விடுகிற வாயை நான் மூன்று அடுக்குப் பூவால் அடைத்து வைத்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜீப்புக்கும் பதினான்கு வருடம் அப்படித்தான் கட்டினேன். அது ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"பிச்சி எறி."

நான்கு மணி நேரம் கட்டியதை நாலே இழுப்பில் பிய்த்தேன். முள் இறங்கவில்லை. இன்னும் ஏறியது. இப்படியே ஊர்ந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பெண் உட்கார்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மண்டபத்தில் சேர்த்தால் அதைவிட அபசகுனம் வேறு வேண்டாம். அப்புறம் எந்தப் பெண் வீட்டார் அக்காவைக் கூப்பிடுவார்கள்?

எதிரே முச்சந்தி. வலது பக்கம் மண்டபம். இடது பக்கம் கச்சிராயபாளையம் ரோடு, நீளமாக, காலியாக. அக்கா பெண்ணின் பக்கம் திரும்பி என்னவோ கேட்டதையும், அது தலையாட்டியதையும் பார்த்தேன்.

பேண்டு செட்டு வலது பக்கம் திரும்பியது. அக்கா இடது பக்கம் திரும்பினார்.

அப்படி ஒரு சத்தத்தை எங்கள் ஊர் கேட்டதில்லை. ஒரு உறுமல், ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. டிரம் அடிக்கிறவர் மட்டும் பாவம் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரோ கத்தினார்கள். "ஐயையோ, பொண்ணு ஓடிப்போச்சு!"

ராணியம்மாள் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "டேய், எங்க வூட்டுப் பொண்ண எங்கடா கூட்டிகினு போறா அவ?"

"காத்து வாங்கப் போயிருக்காங்கம்மா."

"யாரு?"

"காரும்மா."

அந்தப் பதிலுக்கு அடி விழாமல் இருந்தது என் பூர்வ ஜென்மப் புண்ணியம்.

காருக்குள் நடந்ததை இலக்கியா பிறகு என்னிடம் சொன்னது. அக்கா கேட்டது இவ்வளவுதான்: "கண்ணு, பயப்படுவியா?" அது சொன்னது: "போங்கக்கா!" ஊர் தாண்டினார்கள். பிறகு கரும்புத் தோட்டமெல்லாம் பின்னால் ஓட, நேர் எதிரே கல்வராயன் மலை நீலமாக எழுந்து வர, அக்கா காலை அழுத்தினார். எண்பது. நூறு. நூற்றிருபது. முள் இறங்க ஆரம்பித்தது. இலக்கியா தலைக்கு நான் கட்டிக் கொடுத்த பூவெல்லாம் ஒவ்வொன்றாகப் பறந்தது. அது கையை மேலே தூக்கிக்கொண்டு கத்தியதாம். அதைவிடச் சத்தமாக அக்கா கத்தினாராம். வாழ்நாளெல்லாம் முதல் கியரில் ஊர்ந்த அம்மாள்!

கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். கூட்டம் விலகியது. முள் நல்ல பிள்ளையாகக் கீழே இருந்தது. ஆனால் அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. ராணியம்மாள் கார் கதவருகே போய் நின்றார்.

"ஏம்மா, யாரக் கேட்டு..."

"நான்தான் போவச் சொன்னேன் அத்தை," என்றது இலக்கியா. கண்ணில் நீர், தலை முழுக்கக் கலைந்து கிடக்கிறது, முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. "அக்கா மாட்டேன்னாங்க. நான்தான் ஒரே ஒரு ரவுண்டுன்னு கெஞ்சுனேன். திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க."

புகுந்த வீட்டில் காலே வைக்கவில்லை, அதற்குள் முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது அந்தப் பெண். அக்கா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

ராணியம்மாள் இலக்கியாவையே பார்த்தார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். "எவ்ளோ வேகம் போன?"

"நூத்தியிருவது அத்தை."

"நூத்தியிருவதா!" ராணியம்மாள் பேண்டு செட்டின் பக்கம் திரும்பினார். "இன்னாயா நின்னுகினு இருக்கீங்க? எங்க வூட்டுப் பொண்ணு வந்துடுச்சி, அடிங்கய்யா!"

அதைப் போனில் படம் பிடிக்காதவன் எவன்? மறுநாள் சாயந்திரத்துக்குள் சங்கராபுரம், சின்னசேலம் வரை போய்விட்டது. ஆதிமூலம் அண்ணனுக்கு வந்த முதல் போனே, "பொண்ணு காணாமப் போற காரு உங்குளுதுங்களா?" என்றுதான். இப்போது முச்சந்தி வந்தால் கால் மணி நேரம் பெண்ணை வெளியே கூட்டிப் போய் வருவதும் ஊர்வலத்தில் சேர்த்தி. பேண்டு செட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கிறார்கள். நான் பக்கவாட்டில் மட்டும் பூ கட்டுகிறேன். ஆவணிக்கு முன்பதிவு முடிந்தாயிற்று.

போன வாரம் அக்காவின் அண்ணன் வந்திருந்தபோது சென்னை ஏஜெண்ட் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். அந்த மாடலின் விலை இன்னும் சரிந்துவிட்டதாம். இப்போது கொடுத்தால் ஒன்பது லட்சமாவது தேறும், அடுத்த வருடம் அதுவும் தேறாது என்றார். அண்ணன் முகம் 'நான் அப்பவே சொன்னேன்' என்றது.

அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். "எறங்கட்டும் சார். ஏழுக்கு வந்ததும் சொல்லுங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கோமுகி அணை வரைக்கும் தனியாக ஒரு ஓட்டம் போய் வருவது இப்போது அவர் வழக்கம். நான் வழக்கம்போல் காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஏறு ஜீவா."

"நானாக்கா?"

"பதினாலு வருஷமா பக்கத்துலயே நடந்துகினு வர்ற. ஏறுடா!"

எவ்வளவு வேகம் போனோம் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அணை வரைக்கும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தது நான்தான் என்று அக்கா சொல்கிறார்.