சித்ராவின் பெயரில் ஒரு பேட்டன்ட்

காலையில் முருகன் போன் செய்தான். "அக்கா போய்ட்ச்சு பாய்."

"எந்த அக்கா?" என்று கேட்டேன். அவனுக்கு இருப்பதே ஒரே அக்காதான்...

சித்ரா. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்காரர். முன்பு சென்னையில் ஓர் இணையப் பாதுகாப்பு கம்பெனியில் எனக்குப் பக்கத்து சீட். காய்ச்சல் என்று ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறக்கியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே...

எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

மோசடி லிங்க்குகளைப் பிடிக்கும் ஆப் செய்துகொண்டிருந்தோம். மெசேஜில் லிங்க் வந்தால் ஆப் எங்கள் சர்வரைக் கேட்கும். நல்லதா கெட்டதா என்று சர்வர் சொல்லும். எல்லோருக்கும் அதில் திருப்தி, சித்ராவைத் தவிர.

"எங்கூர்ல சிக்னல் வர்றதே பெருசு பாய். சர்வர் பதில் சொல்றதுக்குள்ள எங்கப்பா லிங்க்க அமுக்கிட்டு வூட்டுக்கே போய்டுவாரு."

யாரையும் கேட்காமல் போனே முடிவு செய்யும் வழியை அவர்தான் கண்டுபிடித்தார். நான் கூட இருந்து கோட் எழுதினேன். பேட்டன்ட் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் முதலில் சித்ரா, அடுத்து நான். உரிமையாளர், கம்பெனி.

பிறகு கம்பெனியை வேறு யாரோ வாங்கினார்கள். பேட்டன்ட்டும் கூடவே போயிற்று. நான் வேறு வேலைக்கு மாறினேன். சித்ரா திருப்பத்தூரில் ஒரு செல்போன் கடை மாடியில் சின்ன ஆபீஸ் போட்டு, மலை ஜனங்களுக்காக அதே வழியில் இலவசமாக ஒரு ஆப் செய்தார்.

ஒரு நாள் போன்.

"பாய், வக்கீல் நோட்டீஸ் வந்துக்குது. என் ஆப் யாரோட பேட்டன்ட்டையோ மீறுதாம்."

"யாரோடது?"

"அதான் பாய் புரியல. மேல என் பேரு போட்டுக்குது."

சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

இருவரும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். கண்டுபிடித்தது நீங்கள், சொத்து அவர்களுடையது என்றார் அவர்.

"அப்ப நான் யோசிச்சத நானே திரும்ப யோசிக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார் சித்ரா.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

எதிர்த்து நிற்க வசதியில்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, பழையபடி சர்வரைக் கேட்கும்படி ஆப்பை மாற்றினார். திருப்பத்தூரில் நன்றாக ஓடியது. அவர் ஊரில் ஓடவில்லை.

போன வாரம்கூட மெசேஜ் அனுப்பியிருந்தார். "வேற வழி ஒண்ணு யோசிச்சிட்டுக்கிறேன் பாய். நேர்ல வாங்க, சொல்றேன்."

இன்று மதியம் நேரில் போனேன்...

எல்லாம் முடிந்த பிறகு முருகன் என்னைத் தனியாக அழைத்தான்.

"பேனர் அடிக்கக் குடுக்கணும் பாய். பேருக்குக் கீழ இன்னா போடறது? அக்கா எதோ கண்டுபுடிச்சிதே, அத்தப் போடலாமா? கேஸு கீஸு போட்ருவாங்களா?"

போடலாமா கூடாதா என்று நிஜமாகவே யோசித்தேன்... செத்துப்போனவரின் பேனருக்கு. அதைத்தான் இப்போது வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"போடு" என்றேன்.

டிசைனை இப்போதுதான் அனுப்பினான். ஆபீஸ் ஐடி கார்டு போட்டோ. பெயருக்குக் கீழே 'கண்டுபிடிப்பாளர்' என்று மட்டும் இருக்கிறது. என்ன கண்டுபிடித்தார் என்று இல்லை.

போய்ட்டு வாங்க சித்ரா.