காது மிஷினும் இரண்டு கம்பெனிகளும்

அன்று காலை பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். என் காது மிஷினை இயக்கும் ஆப் திறக்க மறுத்தது. ‘உங்கள் போனில் இந்தச் செயலி இனி இயங்காது. சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று மட்டும் வந்தது. வருந்துகிறார்களாம்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பம்மலில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதிலும் பாதிக்குமேல் கேட்காமல் போய்விட்டது. மிஷின் வாங்கப் போனபோது பட்டன் வைத்த மாடலைத்தான் கேட்டேன். “அதெல்லாம் ஓல்டு மேடம், இதுல எல்லாத்தையும் போன்லயே பண்ணிக்கலாம்” என்று இதைத் தலையில் கட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஆப்பில் ‘தெரு’ என்று வைத்தால் பின்னால் வரும் லாரி கேட்கும். ‘வகுப்பு’ என்று மாற்றினால் மின்விசிறி அடங்கி, எதிரில் எழுந்து பேசும் பிள்ளையின் குரல் தெளிவாக வரும்.

அந்தக் குரல்தான் எனக்கு முக்கியம். எங்கள் பள்ளியில் கோரஸ் பழக்கம் உண்டு. டீச்சர் கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே ராகத்தில் பதில் சொல்லும். தெரிந்தவன் கத்துவான், தெரியாதவன் வாயசைப்பான், டீச்சரும் நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இதைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் வகுப்பில் கோரஸுக்குத் தடை. ஒவ்வொருவராக எழுப்பித்தான் கேட்பேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண், பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதில், அப்போதுதான் அவள் தானாகக் கை தூக்கிப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆப் மண்டையைப் போட்டது.

மிஷின் வாங்கின குரோம்பேட்டை கடைக்கு அன்று சாயங்காலமே போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். மிஷின் கம்பெனி ஏதோ ஒரு போன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டதாம். என் போனைச் செய்கிற கம்பெனியோ போட்டிக்குத் தானே ஒரு காது மிஷின் விடப்போகிறதாம். ஆகவே இவன் அவன் போனில் இருக்க மாட்டான், அவனும் இவனை உள்ளே விட மாட்டான்.

“போன மாத்திட்டா போதும் மேடம்.”

“என் போன் நல்லாத்தானே இருக்கு? நான் எதுக்கு மாத்தணும்?”

“காம்பெடிஷன் மேடம். அது கஸ்டமருக்கு நல்லதுதானே?”

“எந்தக் கஸ்டமருக்கு? நான் இங்க நின்னுட்டு இருக்கேன், என்னைப் பார்த்துச் சொல்லுங்க!” என்று கத்தினேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கடைசியில் அவர், கம்ப்யூட்டரில் இணைத்து ஏதாவது ஒன்றை மட்டும் நிரந்தரமாக வைத்துத் தருகிறேன் என்றார். “கிளாஸ் வேணுமா மேடம், ரோடு வேணுமா?” வகுப்பை வைத்தால் பின்னால் வருகிற வண்டி கேட்காது. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ரோடு என்றேன். உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டுமே.

மறுநாளிலிருந்து என் வகுப்பில் மின்விசிறிதான் பாடம் எடுத்தது. யார் எழுந்து பேசினாலும் அதன் இரைச்சலுக்கு நடுவே கரகரவென்று ஏதோ வந்தது. “இன்னா மிஸ், கேக்கலியா?” என்று பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். கத்தினால் மிஷினில் இன்னும் மோசமாகத்தான் கேட்கும், அது யாருக்கும் புரியாது. தாம்பரத்தில் எங்கள் ஃபிளாட்டிலும் இதே கதைதான். என் தம்பி மனைவியைப் பற்றி என் கணவர் என்ன நினைக்கிறார் என்பது இப்போது மூன்று மாடிக்கும் தெரியும்.

ஒரு நாள், எனக்கே தெரியாமல், “எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க” என்றேன். சேர்ந்து சொன்னால் மட்டும்தான் கேட்டது. அடுத்த நாளும் அப்படியே. நான் தடை போட்ட கோரஸ் என் வாயாலேயே திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் பெஞ்சுப் பெண்ணைப் பார்த்தேன். உதடு அசைந்தது. குரல் வந்ததா, வாயசைப்பா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அன்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். பாதி அழுகை, பாதி ஆத்திரம்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். “மிஸ், ஒன்பதாவத வேற யாருக்காவது குடுத்துட்டு நீங்க லைப்ரரி பாத்துக்கிறீங்களா? உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்.” அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலித்தது. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்தச் சனிக்கிழமையே பல்லைக் கடித்துக்கொண்டு போய் மிஷின் கம்பெனி கூட்டுச் சேர்ந்த அந்தக் கம்பெனியின் போனையே வாங்கினேன். விற்றவர் கேமராவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நிலாவையே கிட்டத்தில் எடுக்குமாம். எனக்கு மூன்றாம் பெஞ்சு கேட்டால் போதும்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்து ‘வகுப்பு’ என்று வைத்தேன். மின்விசிறி வாயை மூடியது. “கோரஸ் கிடையாது. பழையபடி ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்று முதல் ஆளாக அந்தப் பெண்ணை எழுப்பினேன். அவள் மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, காட்டுக் கத்தலாகப் பதிலைச் சொன்னாள். பதில் சரிதான். ஆனால் அது அவள் குரலே இல்லை.

“மெதுவா சொல்லும்மா. எனக்கு இப்ப நல்லா கேக்குது.”

அவள் என்னையும் மேசைமேல் இருந்த புதுப் போனையும் பார்த்தாள். பிறகு தன் சொந்தக் குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இது எவ்ளோ நாளைக்கு மிஸ் கேக்கும்?” என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. இனி எந்தக் குரலில் பேசிப் பழகுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அந்த இரண்டு கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பி நிற்க வைத்துக் கேட்க எனக்கு வழியில்லை.