யாரும் இல்லை என்று சொன்ன குரல்

அந்த இணையதளத்தில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "திகில் வீடியோ கேம்களின் தலைசிறந்த விமர்சகர். மின்னல் விரல்கள். எந்தப் பேய்க்கும் கண்ணை மூடாதவர். எந்த ஆட்டத்தையும் பாதியில் விட்டதில்லை." பக்கத்தில், ஹெட்போன் மாட்டிய ஒரு கறுப்பு நிழலுருவம்.

இதில் ஹெட்போன் உண்மை. மற்றபடி, நாற்பத்தொன்பது வயதான அந்த அம்மாள் கன்ட்ரோலரைத் தொட்டதெல்லாம் தூசி தட்டும்போதுதான். திரையில் எது வேகமாக நகர்ந்தாலும் அவருக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் ஆட்டம் தொடங்கியதும் முதல் காரியமாகக் கண்ணை மூடிக்கொள்வார். ஆடுகிறவர் கணவர். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடுகளவு திருகாணிகளை முடுக்கி முடுக்கி விரல்களுக்கு அப்படி ஒரு நிதானம் வந்திருந்தது. பேய் என்றால் மட்டும் உயிர் போய்விடும். ஆக, பயப்படுகிறவர் பார்த்துக்கொண்டே ஆட, பயப்படாதவர் பார்க்காமலே எழுத, அந்த வீட்டிலிருந்து வாரம் ஒரு விமர்சனம் வெளியாகிக்கொண்டிருந்தது.

அம்மாள் கேட்பார். அவருடைய முறை அவ்வளவுதான். சோபாவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்ட மர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ஆட்டத்தை முழுக்கக் காதால் கேட்டு முடிப்பார். அலுவலகத்தில் அவருக்குக் 'காது' என்றே பெயர். அந்த மாதம் வெளியான போர் விளையாட்டு ஒன்றைப் பற்றி, "நாற்பதாயிரம் வீரர்கள் போரிடுகிறார்கள்; அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி செருப்பு" என்று எழுதினார். கார் பந்தயம் ஒன்றுக்கு, "தையல் மெஷினை மலையிலிருந்து உருட்டிவிட்டால் இந்தச் சத்தம் வரும்." பண்ணை விளையாட்டு ஒன்றில் மழை இடது காதில் மட்டும் பெய்வதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டு வலது காதுக்கும் மழை அனுப்பினார்கள்.

இந்தக் காது அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. விமர்சனம் எழுத வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியின் அவசர அழைப்பு அறையில் வேலை பார்த்தார். நகரத்தில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால் அந்த அறையில் அவர் எடுப்பார். பார்த்தே இராத லிஃப்ட்டுகளுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். மூச்சு வாங்குவது ஆஸ்துமா. நகரும்போது முணுமுணுப்பது மாமியார். மின்விசிறி நாலு சுற்றுக்கு ஒருமுறை 'கிய்ச்' என்பது குருவி. சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது: எதிர்முனையில் ஒரு நிமிடம் வரை யாரும் பேசாவிட்டால், 'தவறுதலாக அழுத்தியது' என்று எழுதிவிட்டு வைத்துவிடலாம். குழந்தைகள் அழுத்துவார்கள், கைப்பைகள் அழுத்தும், சில சமயம் ஈரம்கூட அழுத்தும். ஒரு நாளைக்கு நாற்பது மௌனங்களை எடுத்து வைத்த அனுபவம் அவருக்கு. குறைந்த நேரத்தில் அதிக அழைப்புகளை முடித்தவர் என்று மூன்று முறை சான்றிதழ் வாங்கினார். பிறகு கம்பெனி மூடப்பட்டது.

'நடுத்தளம்' என்ற விளையாட்டு வந்தது ஒரு புதன்கிழமை. நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஒரு ஆள், வெளியே வர வேண்டும், கதை அவ்வளவே. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவர் கன்ட்ரோலரை எடுப்பதற்குள் இணையதளத்தின் ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணும். எல்லாரும் பத்துக்கு ஒன்பதரை குடுத்துட்டாங்க. நாம பத்து குடுத்தாதான் மானம் நிக்கும்."

"கேட்டுட்டு சொல்றேன் சார்."

"கேளுங்க, கேளுங்க. அந்தக் குரலுக்கே பத்து குடுக்கலாம்."

எல்லோரும் அந்தக் குரலைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். "கொட்டாவிக்கு அரை அங்குலம் முன்னால் நிற்கும் குரூரம்" என்றது ஒரு தளம். "ஆட்டக்காரர் இருப்பதையே மறுக்கும் குரல், இவ்வாண்டின் நிகரற்ற நடிப்பு" என்றது இன்னொன்று. யார் அந்த நடிகை என்று எவருக்கும் தெரியவில்லை. பெயர்ப் பட்டியலில் "குரல்: கிடைத்த பதிவு" என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

அம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடினார். கதவு மூடும் சத்தம். கம்பி இழுபடும் சத்தம். பிறகு நின்றது.

"ஏம்மா, லைட் போயிடுச்சு. மணி அடிக்கட்டுமா?"

"அடிங்க. அதுக்குத்தானே மணி இருக்கு."

கணவர் பொத்தானை அழுத்தினார். இருட்டில் ஒரு மின்விசிறி சுற்றியது. நாலாவது சுற்றில், 'கிய்ச்'.

அம்மாள் கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே சுவர்தான் இருந்தது.

டக், டக், டக். "ஹலோ? யாருங்க?" டக், டக், டக். "ஹலோ, பேசுங்க... யாரும் இல்ல போல. வச்சிடறேன்."

வைத்த பிறகும் அந்த இருட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தட்டும் சத்தம் நிற்கவில்லை. மும்மூன்றாகவே வந்தது. கடைசியில் வந்தவை மெதுவாக வந்தன.

கணவர் சோபாவில் அப்படியே திரும்பினார். முகத்தில் பேய்ப் பயம் இல்லை. அதைவிட மோசமான எதுவோ இருந்தது.

"இவளே... இது நீதானே?"

"என்னை மாதிரி இருக்கு."

"மாதிரியா? இருபத்தஞ்சு வருஷமா இந்த 'வச்சிடறே'னை நான் போன்ல கேட்டுக்கிட்டிருக்கேன்."

அழைப்புகளெல்லாம் அங்கே பதிவாகும்; இவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பதிவு ஓடும். கம்பெனி மூடியபோது அந்தப் பழைய பதிவுகளும் கணினியோடு சேர்ந்து யார் கைக்கோ போயிருக்க வேண்டும். அதில் அவருக்கு ஆச்சரியமில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது அந்தத் தட்டல்.

"அது நான் வச்ச பிறகு கேட்டதா இருக்கும்," என்றார். "கேம்காரங்க வெட்டி முன்னால ஒட்டியிருப்பாங்க. பயமுறுத்தணும்ல."

"இருக்கலாம்," என்றார் கணவர். கணவர்களுக்கே உரிய அந்த 'இருக்கலாம்'. "அப்ப உள்ள யாரோ இருந்திருக்காங்கதானே?"

அம்மாள் அன்று சாயங்காலம்வரை அந்தப் பகுதியைப் பதினோரு முறை போடச் சொன்னார். வெட்டி ஒட்டினால் மின்விசிறியின் கணக்கு எங்காவது தப்ப வேண்டும். தப்பவில்லை. ஒவ்வொரு நாலாவது சுற்றிலும் குருவி கத்தியது. அப்படியும், ஒட்டத் தெரிந்தவர்கள் அதையும் பார்த்துத்தான் ஒட்டியிருப்பார்கள் என்று ஒரு சமாதானம் மிச்சமிருந்தது. அந்த லிஃப்ட்டுக்குள் யார் இருந்தார், வெளியே வந்தாரா என்று தெரியாமல் ஒரு வரி எழுத வரவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறினார். குருவியின் முகவரியை ஒன்பது வருடம் தட்டச்சு செய்த விரல்கள் அதை மறக்கவில்லை.

நாலு மாடிக் கட்டடம். கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு காவலாளி, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் காவலாளியின் சாப்பாட்டு டப்பா உட்கார்ந்திருந்தது, காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

"லிஃப்ட் ஓடுதாங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"ஓடும். எங்க நிக்கும்னுதான் சொல்ல முடியாது. எந்த மாடி?"

"இந்த லிஃப்ட்ல யாராவது... மாட்டிக்கிட்டது உண்டா?"

"ஏன், நீங்க பத்திரிகையா? நாலாவது மாடில பல் செட் செய்யறவர் இருக்காரு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏறினவரு, திங்கக்கிழமை காலைல நான் வந்து திறந்தப்பதான் வெளிய வந்தாரு. அவருக்குப் பேச வராது பாருங்க, கத்தவும் முடியல. மணி அடிச்சிருக்காரு. எவளோ ஒருத்தி எடுத்து, யாரும் இல்லன்னுட்டு வச்சுட்டாளாம். அதுக்கப்புறம் மணியும் வேலை செய்யலையாம். நல்லா இருப்பாளா அவ?"

"இருக்கா," என்றார் அம்மாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நான் படிக்கட்டுலயே போறேன்."

"அவரும் அப்படித்தான். அன்னையிலேர்ந்து படிக்கட்டுதான்."

லிஃப்ட் கூண்டைச் சுற்றிச் சுற்றி மேலே போனது படிக்கட்டு. முதல் மாடித் திருப்பத்தில் கம்பிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கம்பிக் கதவு வழியே பார்த்தார். லிஃப்ட் அவர் பக்கத்திலேயே ஏறி வந்துகொண்டிருந்தது; உள்ளே விளக்கு எரிந்தது; ஆள் இல்லை. அவர் நின்றார். அது நிற்கவில்லை. இரண்டாம் மாடிக்கு அவர் போனபோது அது அங்கே காத்திருந்தது. 'கிய்ச்.' கீழே யாராவது பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஈரம்கூட அழுத்தும் என்று அவரே நூறு முறை எழுதியிருக்கிறார். ஆளில்லாத அந்தப் பெட்டியைக் கடக்கும்போது, உள்ளே பார்த்து "யாரும் இல்லை" என்று உறுதி செய்துகொள்ளும் தைரியம் அன்று அவருக்கு வரவில்லை. எந்தப் பேய்க்கும் கண்ணை மூடாதவர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

நாலாவது மாடி அறையில் அலமாரி முழுக்கப் பற்கள். மேல் வரிசை, கீழ் வரிசை, ரோஜா நிற ஈறுகளோடு, ஒரே நேரத்தில் பேச வாயெடுத்து நின்றுபோனது போல. ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுத்துக்கொண்டு அவற்றின் நடுவே அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் மெழுகு சுரண்டும் சிறு கரண்டி. யாரென்று தெரியாததால் சிரித்தார். ஒரு நோட்டை நகர்த்தினார். அதில் முன்பே எழுதித் தயாராக வைத்திருந்த வரி: "மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

இன்னும் வாயைத் திறக்கவில்லை அம்மாள். திறக்காமல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். விமர்சனம் எழுதலாம், பத்து கொடுக்கலாம். அந்தக் குரல் நடிகையாகவே இருந்துவிட்டுப் போகும். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் அப்படி நின்றார்.

பிறகு அந்த வரியைச் சொன்னார். "ஹலோ, பேசுங்க. யாரும் இல்ல போல. வச்சிடறேன்."

மெழுகுக் கரண்டி நின்றது. அந்த மனிதர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறது அது என்று பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். பிறகு கரண்டியின் பிடியால் மேசையில் தட்டினார். டக், டக், டக்.

அலமாரியில் பற்கள் லேசாக அதிர்ந்தன.

அவர் நோட்டில் புதிய பக்கம் புரட்டி எழுதினார். அவசரப்படவில்லை. எழுதி, அம்மாள் படிக்கும்படி திருப்பி வைத்தார்: "அன்னைக்கு இது கேட்டுச்சா, இல்லையா?"

கோபித்து எழுதியது போலத் தெரியவில்லை. பதினெட்டு மணி நேரம் இருட்டில் இருந்த ஒரு மனிதர், பிறகு பல வருடம் படியேறிக்கொண்டே யோசித்த கேள்வி. மைக் கெட்டிருந்ததா? மெதுவாகத் தட்டிவிட்டோமா? தப்பு நம்முடையதா?

"கேட்டுச்சுங்க," என்றார் அம்மாள். "நல்லா கேட்டுச்சு. கம்பி ஆடுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சா சீக்கிரம் முடியும்."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. தலையை ஒருமுறை அசைத்தார். மெழுகுக் கரண்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கினார். அம்மாள் இறங்கும்போது லிஃப்ட் இரண்டாம் மாடியிலேயே விளக்கெரிய நின்றிருந்தது. இந்த முறை கண்ணைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் ஒரு முழு நிமிடம் அங்கே நின்றுவிட்டுத்தான் இறங்கினார்.

சாயங்காலம் ஆசிரியர் கூப்பிட்டார். "மேடம், என்ன இது? எட்டு வரிதான் வந்திருக்கு. மார்க் எங்க?"

"மார்க் இல்ல சார்."

"அந்தக் குரலைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க, பாருங்க. 'இதில் நடிப்பு எதுவும் இல்லை.' ஊரே பாராட்டுது, நீங்க இப்படிக் குத்தறீங்களே!"

"குத்தல சார். கீழ மிச்சத்தையும் படிங்க."

ஆசிரியர் படித்தார். போனில் வெகுநேரம் சத்தமில்லை. அம்மாள் வைக்கவில்லை, லைனிலேயே இருந்தார்.

தளத்தில் அந்த நிழலுருவத்துக்குப் பக்கத்தில், எந்த ஆட்டத்தையும் பாதியில் விட்டதில்லை என்று இன்றும் இருக்கிறது. அவர் செய்தது இது: ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குருவியிலிருந்து வந்த அழைப்பை எடுத்தார், மூன்று தட்டுக் கேட்டார், மறுபடி மூன்று கேட்டார், விதிப்படி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியவர், ஐம்பத்திரண்டாவது விநாடியில் வைத்துவிட்டார்.