கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ஆமென்

எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக்கை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். ஆனால் அதற்கு முன் என் அப்பா ஜெபம் பண்ணி முடிக்க வேண்டும். மெழுகுவர்த்தியை ஜெபத்துக்குப் பிறகுதான் ஏற்றுவோம். முன்னால் ஏற்றினால் கேக்கின்மேல் மெழுகுதான் மிஞ்சும் என்பது அனுபவம்.

அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். கீழே மிஷின் சத்தத்தில் வாயைத் திறக்க முடியாது என்பதாலோ என்னவோ, சொல்ல வேண்டியதையெல்லாம் மேலே வந்து ஆண்டவரிடம் சொல்லும் பழக்கம் அவருக்கு. குடும்பத்தார் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், குறுக்கே பேசமாட்டார்கள், முடிவில் ஆமென் வேறு சொல்வார்கள். நானும் புத்தகம் எழுதுகிறவன்தான், இப்படிப்பட்ட வாசகர்கள் எனக்கு வாய்த்ததில்லை. மச்சானுக்குச் சர்க்கரை ஏறியதே எங்களுக்கு ஜெபத்தில்தான் தெரியவந்தது. போன கிறிஸ்துமஸுக்கு, "இவன் எழுதுற புஸ்தகத்த நாலு பேராவது வாங்கும்படி அவங்க மனச எளக்கும் ஆண்டவரே" என்று மன்றாடினார். ஆண்டவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று என் மகளுக்கு இருபத்தாறு வயது முடிந்த நாள், சனிக்கிழமை. பெங்களூரு லிங்கராஜபுரத்து மூன்றாம் மாடி வீட்டில் கேக்கைச் சுற்றி நின்றோம்: அப்பா, நான், என் மனைவி, அவளுடைய அண்ணனான மச்சான், நடுவில் மகள்.

மகள் சிவில் இன்ஜினியர். ஒரு கம்பெனியின் ஒன்பதாவது மாடியில், ஏசி அறையில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இந்த ஒன்பதாவது மாடியைச் சொல்லிவிடுவேன். என் தாத்தா சுரங்கத்தில் இறங்கினார். அப்பா இறங்கினார். அப்பாவின் அண்ணன் ஒருநாள் இறங்கியவர், பாறை வெடித்துச் சரிந்ததில் மேலே வரவேயில்லை. அப்பாவுக்கு இன்றும் மாடி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இனி எங்கள் வீட்டில் ஒருவரும் பூமிக்குள் இறங்கக்கூடாது என்பது நான் வாழ்க்கையில் எடுத்த ஒரே முடிவு. மற்ற முடிவுகளை மனைவி எடுத்தாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அப்பா ஆரம்பித்தார். பேத்தி பிறந்ததற்கு நன்றி சொன்னார், அவளுக்கு அம்மை இறங்கியதற்குச் சொன்னார், பத்தாம் வகுப்புக் கணக்கில் கரையேறியதற்குச் சொன்னார். சமையலறையிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. என் பக்தி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் வேலய உட்டுட்டு மெட்ரோ டனல் வேலைக்கிப் போறதுக்கு இந்தப் புள்ளைக்கு வழி தெறந்தீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். திங்கக்கெழம மொத ஷிப்டுல எறங்குறா. கீழ என்கூட இருந்தமாதிரி இவகூடவும் இரும். கல்லும் தண்ணியும் இவளத் தொடக்கூடாது. இவங்கப்பனுக்கு நல்ல புத்தியக் குடும். இயேசுவின் நாமத்தில் கேக்குறோம் பிதாவே."

"ஆமென்!" என்றேன்.

எல்லோரும்தான் சொன்னார்கள், ஆனால் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. ஐம்பது வருடப் பழக்கம். காது கேட்டு முடிப்பதற்குள் வாய் சொல்லிவிடும். பிறகுதான் கண்ணைத் திறந்தேன். கேட்டது ஒவ்வொரு சொல்லாக உள்ளே இறங்கியது. டனல். திங்கட்கிழமை. இறங்குறா.

அதிர்ச்சியில் கையிலிருப்பது நழுவி விழும் என்று நானே கதைகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். பொய். விழாது. கை இறுகிக்கொள்ளும். என் கையிலிருந்த தீப்பெட்டி அப்பளமாக நொறுங்கியது.

"தாத்தா!" என்றாள் மகள். "டாடிகிட்ட நேரம் பாத்து சொல்லுங்கன்னுதானே கேட்டேன்!"

"கண்ணத் தெறந்துகினு இருந்தா உங்கப்பன் என்னப் பேச உடுவானா கண்ணு? இதான் நேரம்."

"வேலைய எப்பம்மா விட்ட?" என்று மனைவி கேட்டாள்.

"போன மாசம்."

"அப்ப தெனம் டிபன் கட்டிகினு எங்க போன?"

"ட்ரெய்னிங், மம்மி."

"என் எலுமிச்ச சாதம் சொரங்கத்துக்குள்ளயா போச்சு?"

"ட்ரெய்னிங் மேலதான் மம்மி. திங்கக்கெழமதான் கீழ."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "முடியாது. என் பொண்ணு எறங்க மாட்டா."

"நீங்கதான் ஆமென் சொல்லிட்டீங்களே டாடி."

"அது பழக்கதோஷம்!"

"இல்ல மச்சான்," என்றார் மனைவியின் அண்ணன். "உன் சத்தம்தான் பெருசா வந்துது. உன்ன நம்பித்தான் நானே சொன்னேன்."

மகள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா டனல்தான் டாடி வரைஞ்சேன். ஒரு நாள்கூட அத கண்ணால பாக்கல. பாக்கணும்."

எனக்கு இரண்டாவது அடி இது. அவள் எந்த மாடியில் வேலை செய்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அங்கே என்ன வரைகிறாள் என்று கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் தூங்கியிருக்கமாட்டேன்.

அப்பாவிடம் பாய்ந்தேன். "நைனா, உங்க அண்ணன் கீழயே போய்ட்டாரே. மறந்துட்டீங்களா?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள்.

"மறக்கல," என்றார் அப்பா. "அன்னிக்கிக் காலைல எங்கப்பனுக்கும் அவனுக்கும் சண்ட. மொகம் குடுத்துப் பேசாம போய்ட்டான். எங்கப்பன் சாவுறவரைக்கும் அதையே சொல்லிகினு இருந்தாரு. அதுக்கப்பறம் எங்க சொரங்கத்து லைன் வீட்டுங்கள்ல ஷிப்டுக்குப் போறவங்ககிட்ட காலைல யாரும் சண்ட புடிக்கமாட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் சோத்துக்கு எறங்கினேன். இவ ஆசப்பட்டு எறங்குறா. அது வேற, இது வேற. நீ கோவப்படு, வேணான்னு சொல்லல. இன்னிக்கிப் படு, நாளைக்கிப் படு. திங்கக்கெழம காலைல மட்டும் கூடாது."

கோபத்துக்குக் கெடு வைத்தால் அது வீணாகிவிடுமோ என்ற பதற்றம் வந்துவிடுகிறது. கேக்கை வெட்டினார்கள். என் வாயிலும் ஒரு துண்டைத் திணித்தாள் மகள். வாய் நிறைய க்ரீமோடு யாரையும் முறைக்க முடியாது, முயன்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குக் கொடுத்த அவகாசத்தைச் சிக்கனமில்லாமல் பயன்படுத்தினேன். சர்ச்சுக்குப் போகும் வழியில் கத்தினேன். திரும்பும்போது கத்தினேன். மதியம் சாப்பிட மறுத்தேன். பிரியாணி மிச்சம் இருந்ததால் மறுப்பு நீடிக்கவில்லை. அவள் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன் வாசலில் நின்றாள். எனக்குள் வாக்கியங்கள் வரிசையில் நின்றன. எல்லாம் சண்டை வாக்கியங்கள்.

"இன்னா டாடி?"

"எத்தன மணிக்கு மேல வருவ?"

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மூணுக்குள்ள வீட்ல இருப்பேன்."

"சரி. போய்ட்டு வா."

அவள் போனபிறகு அப்பாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் புத்தகத்தைப் பிரித்தேன், பக்கம் திருப்பவில்லை. அவர் டீயை ஆறவிட்டார். பத்து மணிக்கு எழுந்து சன்னலுக்குப் போனார், வந்தார். மறுபடி போனார். வாழ்நாளெல்லாம் கீழே போனவர் அவர். மேலே உட்கார்ந்து காத்திருந்ததில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் அம்மாவும் சிறுவனாக இருந்த நானும்.

"இன்னாடா இது," என்றார். அன்றுவரை அவர் முகத்தில் நான் பார்த்திராத திகைப்பு. "கீழ இருந்தா நேரம் போறதே தெரியாது. மேல இப்பிடியா இருக்கும்?"

"ஆமா நைனா."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அவர் நாற்காலியை இழுத்து, படிக்கட்டுச் சத்தம் கேட்கும்படி கதவுப் பக்கம் போட்டுக்கொண்டார்.