நான் அமெரிக்கா போனதாக ஒரு கடிதம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் சிரிக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். குவைத்தில் ஒரு அரபி வீட்டில் நான் சமையல், மரியபுஷ்பம் வீட்டு வேலை. மணப்பாட்டுக்காரி, என்னைவிட இளையவள். வீட்டுக்காரரின் தாயாரை வைத்தியத்துக்கு அமெரிக்கா கொண்டுபோனபோது, பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போனார்கள். "எக்கா, அங்க பனி கொட்டுமாம், ஒரு டப்பாவுல பிடிச்சிட்டு வாரேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஒரே மாதம்தான். காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே போய்விட்டாள். சவப்பெட்டி நேரே ஊருக்குப் போனது, எனக்கு லீவு கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் லீவில் மணப்பாடு போனேன். அவள் மகள் ஜெனி வாசலிலேயே என் இடது கையைத் திருப்பி, மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்தாள். "பெரியம்மா, நீங்களும் அமெரிக்கா போயிருந்தீங்களா?"

இல்லையே என்றேன். உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். அம்மா எழுதியது, பெட்டி வந்த பிறகு வந்து சேர்ந்ததாம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். விமானத்தில் செருப்பைக் கழற்றாமல் பகலும் இரவும் உட்கார்ந்திருந்தது, ஆள் நடக்காத ரோடு, ஜன்னலுக்கு வெளியே உப்பளம் மாதிரி பனி, எல்லாம் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, "ஹஜ்ஜுப் பெருநாள் அன்றைக்குக் காய்ச்சலோடு கிடந்தேன், விடிகிற நேரம் எக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாங்க, இடது கையில் துணி கட்டியிருந்தது, என் நெற்றியைத் தொட்டாங்க" என்று இருந்தது.

அந்தப் பெருநாள் அன்றுதான் சமோசா மாதிரி இருக்கும் சம்பூசா பொரிக்கையில் கையில் எண்ணெய் கொட்டியது. அவளுக்கு நான் சொல்லவே இல்லை. துணியைக் கட்டிக்கொண்டு மத்தியானம் படுத்தவள் எழவில்லை, வீட்டுக்கார அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினாள். கனவுகூட வந்ததாக ஞாபகமில்லை. குவைத்தில் மத்தியானம் என்றால் அமெரிக்காவில் அப்போதுதான் விடியுமாம், ஜெனி சொன்னாள்.

"அப்ப அம்மா தனியா கிடக்கல, என்ன பெரியம்மா?"

"தனியா இல்ல மக்ளே" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. "என்னையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க எக்கான்னு கையப் பிடிச்சேன். விடுவிச்சிட்டுப் போயிட்டாங்க, திரும்பிப் பாக்கல."

அப்படி விட்டுவிட்டு வருகிறவள் இல்லை நான். மரியபுஷ்பமும் பொய் எழுதுகிறவள் இல்லை.