ஒப்ரேன் சித்தப்பா கைகொடுத்த சிப்பாய்

நவம்பர் எட்டாம் தேதி வரும் மித்ரோவ்தான் என்னும் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். வேகவைத்த கோதுமையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் நீட்டும் கோதுமையில் ஒரு கரண்டி சாப்பிட்டால் அவர் வீட்டு இறந்தவர்களுக்காக நாமும் வேண்டியதாக அர்த்தம். இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதிரியார் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். பெயர் இல்லாமல் வேண்டுதல் கிடையாது. ஒப்ரேன் சித்தப்பாவின் சீட்டில் ஐந்து வருஷமாக ஒரு பெயர் குறைந்தது. அதற்காக அவர் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா சாலைத் தொழிலாளி. நிஷ் நகரத்துக்குப் போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. கல் உடைப்பார், குழி அடைப்பார், ஓரத்து வாய்க்காலில் புல் செதுக்குவார். நாள் முழுக்க வெளியில் நிற்பவர் என்பதால் போர்க்காலத்தில் விமானங்களை அடையாளம் காண்பதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். நாலு எஞ்சின் என்றால் நகரத்தில் குண்டு விழும், பதுங்க வேண்டும். இரட்டை வால் என்றால் அமெரிக்கச் சண்டை விமானம். அது ஜெர்மானியரின் ரயிலையும் லாரியையும்தான் சுடும்.

மாவு மில் தோமா அவரை விடமாட்டார். "ஏம்ப்பா ஒப்ரேன், ரோட்டுல குழி அப்படியே கிடக்கு. நீ வானத்துல குழி தேடுறியா?"

"கிடைச்சா உன் மாவுல இருக்கிற கல்லை வாங்கிப் போட்டு அடைச்சிடுவேன்."

கிண்டல் செய்தாலும் எல்லோரும் அவர் சொல்லைத்தான் கேட்டார்கள். "ரெட்டை வாலா? நம்மாளுங்க. கை காட்டுங்க" என்று அவர் சொன்னதும் ஊரே வெளியே வந்து துணியை வீசும்.

1944 நவம்பர் ஏழாம் தேதி. ஜெர்மானியர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் சாலையில் ரஷ்யப் படை போய்க்கொண்டிருந்தது. அன்று அவர்களுடைய புரட்சி நாள், அதனால் முன்னால் பேண்டு வாத்தியம். மறுநாள் திருநாளுக்காக வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தில் ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா சாலைக்குப் போனார். ஊதுகுழல்காரச் சிப்பாய் ஒருவன் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸுக்குள் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதிருக்கும். ரஷ்யப் பேச்சு எங்களுக்குப் பாதி புரியும்.

"குடி தம்பி. வீட்டுல காய்ச்சினது."

"ஊதணுமே அண்ணே. குடிச்சா மேல் சுரம் ஏறாது."

"ரெண்டு மடக்கு குடிச்சுப் பாரு, தானா ஏறும்."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். அப்போது சத்தம் கேட்டது. யாரோ கத்த, வீரர்கள் வாய்க்காலில் குதித்தார்கள். அவனும் குதித்தான். சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். இரட்டை வால்.

"எழுந்திரு தம்பி. அமெரிக்காக்காரன். நம்மாளு."

"நிச்சயமா?"

"இந்த ரோட்டுல யாரை வேணா கேளு. ஒப்ரேன் சொன்னா தப்பாது."

கையை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். இரண்டு பேரும் நின்று கையசைத்தார்கள். அவன் ஊதுகுழலையும் தூக்கிக் காட்டினானாம்.

அமெரிக்கர்கள் ஏன் தவறினார்கள் என்று எனக்குத் தெரியாது. போவது ஜெர்மானியர் என்று நினைத்திருக்கலாம். விமானங்கள் தாழ இறங்கிச் சாலை நெடுகச் சுட்டன. சித்தப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சிப்பாய் விழுந்தவன் எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் நகரத்து விமானத் தளத்திலிருந்து சிவப்பு நட்சத்திரம் போட்ட சோவியத் விமானங்கள் கிளம்பின. ஒரே எதிரியோடு போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் எங்கள் தலைக்கு மேலே ஒன்றையொன்று துரத்தின. எஞ்சின்கள் அலற, கூரை ஓடுகள் நடுங்கின. ஒரு சோவியத் விமானம் புகைந்துகொண்டே தோப்புக்கு அப்பால் போனது. ஓர் இரட்டை வால் எரிந்தபடி மலைப்பக்கம் விழுந்தது. சித்தப்பா சிப்பாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். "எது விழணும்னு நினைக்கிறதுன்னே தெரியல" என்று பிற்பாடு சொன்னார். "எது விழுந்தாலும் நான் தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு."

அன்று மாலையே படையினர் தங்கள் ஆட்களைச் சாலையோரம் புதைத்து, கட்டையில் பெயர் எழுதி நட்டார்கள். சித்தப்பா போகவில்லை. வாய்க்காலில் கிடந்தவர்களில் யாராவது அவர் சொன்னதைக் கேட்டிருப்பார்களோ என்ற பயம். மறுநாள் திருநாள் விருந்தாளிகளுக்கு நின்றபடியே பரிமாறினார். இரண்டு வாரம் கழித்துத் தைரியம் வந்து போனபோது எல்லா உடல்களையும் பெரிய கல்லறைக்கு எடுத்துப்போயிருந்தார்கள். கட்டைகளும் இல்லை.

அடுத்த வருஷம் சீட்டின் கடைசியில் "ஒரு சிப்பாய்" என்று எழுதினார்.

"இது என்னப்பா?" என்றார் பாதிரியார். "உலகத்துல எத்தனை சிப்பாய்?"

"கடவுளுக்குத் தெரியும் சாமி."

"அவருக்குத் தெரியும். வாசிக்கிறவன் நானில்ல?"

பாதிரியார் அந்த வரியை விட்டுவிட்டார். அதற்கடுத்த வருஷங்களிலும் விட்டார்.

1949இல் சித்தப்பா நகரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய், அன்று இறந்த ரஷ்யர்களின் பட்டியலைக் கேட்டார். எங்கள் நாடு ரஷ்யாவோடு முறைத்துக்கொண்டிருந்த நேரம். ரஷ்யர்களைப் பற்றி விசாரிப்பவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

"அவங்க உனக்கு உறவா?"

"இல்லைங்க."

"அப்புறம் பேரு எதுக்கு?"

சித்தப்பாவை அங்கேயே அடைத்துவிட்டார்கள். எட்டு நாள் அடி வாங்கியும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மனிதரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. விசாரித்த அதிகாரி சிரித்துவிட்டார்.

"இதுக்கா எட்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தே? போய்யா வீட்டுக்கு."

"பேரு?"

"போறியா, இன்னும் எட்டு நாள் இருக்கியா?"

"அந்த ஆள் என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்றார் சித்தப்பா, வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொல்லி முடித்த பிறகு.

அந்த வருஷச் சனிக்கிழமை வந்தது. அவர் எழுதிய சீட்டைச் சித்தி ருஷா கல்லறைத் தோட்டத்தில் எட்டிப் பார்த்துவிட்டார். "ஒப்ரேன் கைபிடித்துப் பள்ளத்திலிருந்து மேலே இழுத்த சிப்பாய்" என்று கடைசி வரி இருந்தது.

"என்னங்க இது? உயிரோட இருக்கிறவர் பேரைச் செத்தவங்க சீட்டுல எழுதுவாங்களா? கிழிச்சுப் போடுங்க."

"என் பேரை விட்டா அவன் யாருன்னு எப்படித் தெரியும்?"

"கடவுளுக்குத் தெரியாதா?"

"ஊருக்குத் தெரியாதே."

எங்கள் ஊரில் அப்படி யாரும் எழுதியதில்லை. அந்தப் பெயருக்கு உரியவன்தான் அடுத்துச் சாவான் என்பார்கள். சித்தி அழத் தொடங்கினார். சித்தப்பா சீட்டைப் பாதிரியாரிடம் கொடுத்தார். அவர் கடைசி வரியை மனத்துக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதை உரக்க வாசிக்கணுமா?"

"உரக்க, சாமி."

வாசித்தார். ஊர் முழுக்கக் கேட்டது. விமானங்கள் சுட்ட அன்று பதுங்கியிருந்த சிப்பாயை மேலே இழுத்தது யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. தோமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அன்னைக்கு நானும்தான் கை காட்டினேன்பா. ஊரே காட்டுச்சு."

"நீ யாரையும் இழுக்கலையே."

சித்தப்பா கோதுமைத் தட்டை எடுத்துக்கொண்டு வழக்கப்படி ஒவ்வொருவரிடமும் நீட்டினார். சிலர் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். போரில் மகனை இழந்த இரண்டு தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் முன்னாலும் தட்டை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவர் நகர்ந்தார்.